மதில்மேல் மெத்தைகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் அந்த வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தம்பி பிள்ளைகள், தங்கை பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுப்பார்கள். ஆளுக்கொரு மெல்லிய பஞ்சு மெத்தை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் நம்பர். நம்பர் போட்டவர் வீட்டுக்குப் பெரியவர். சில பிள்ளைகளுக்குப் பெரியப்பா, சில பிள்ளைகளுக்குப் பெரிய மாமா. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டாலும் அவர் கழுத்து விசிலை விடவில்லை. எழுந்திருக்க ஒரு விசில், குளிக்க ஒரு விசில், சாப்பிட ஒரு விசில். நல்லவேளை, மூச்சு விடுவதைப் பிள்ளைகளின் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்.

கடைசி மெத்தை குண்டூசியுடையது. ஆள் அவ்வளவு ஒல்லி. பெரியவரின் கடைசித் தங்கை மகன், இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு முடித்தவன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைக்காததால் அவனை மட்டும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள். புது இடம், புது ஆட்கள். வந்த முதல் ராத்திரியே மெத்தை நனைந்துவிட்டது.

சின்னப் பிள்ளை மெத்தையை நனைப்பது உலகத்தில் நடக்காத அதிசயமா, நீங்களே சொல்லுங்கள். பெரியவருக்கு அது அதிசயம்தான்.

"அவரவர் நனைச்சதை அவரவர்தான் தூக்கணும். வாசல் மதில்ல கொண்டுபோய்ப் போடு. வெக்கம் வந்தா தானா நிக்கும்."

பின்பக்கம் நீளமாகக் கொடி கட்டியிருந்தது. ஆனாலும் தெருவைப் பார்த்த மதில்தான் வேண்டுமாம். தன்னைவிடப் பெரிய ஈர மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு குண்டூசி கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து போனான். மறுநாளும் போனான். தெருப் பையன்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை.

அடுத்த நாள் விடியும்போது வக்கீல் கண்விழித்தாள். பெரியவருடைய தம்பி மகள் அவள். பத்து வயது. எதற்கெடுத்தாலும் 'ஏன்?' என்று கேட்பதால் வந்த பெயர். குண்டூசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. தானே கிள்ளிக்கிள்ளிக்கொண்டதில் தொடை கன்றிப்போயிருந்தது.

"தூங்கலையாடா?"

"தூங்கினாத்தானே வரும்," என்றான்.

வக்கீல் எழுந்தாள். நேராக அடுக்களைக்குப் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். "ஏம்மா, நீங்க யாரும் கேக்க மாட்டீங்களா?"

"அவர் வீடும்மா. லீவுக்கு வந்தோமா போனோமான்னு இருக்கணும். நீ வாயை மூடிட்டு இரு."

வாயை மூடினால் அவள் வக்கீலா? பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பெரியப்பா, நனைச்சவங்கதான் தூக்கணுங்கறது அவனுக்கு மட்டுமா?"

"இந்த வீட்டுச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான். போ, போய்க் குளி."

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள். அந்த வீட்டில் அவள் குரலைவிட விசில் சத்தம்தான் அதிகம் கேட்டிருக்கும்.

அன்று ராத்திரி குண்டூசியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். விடிந்தபோது மெத்தை நனைந்திருந்தது. பெரியவர் மொட்டைமாடியில் தண்டால் எடுக்கும் சத்தம் கேட்டது. வக்கீல் ஒவ்வொருவராக உலுக்கி எழுப்பினாள். கையில் தண்ணீர்க் குடம்.

"இவன் இன்னைக்குத் தனியாப் போகக் கூடாது. எல்லாரும் நனைச்சுக்கணும்."

எல்லாரிலும் மூத்தவன் திருதிருவென்று விழித்தான். "எனக்கு மீசை முளைக்குதுடீ. எதிர்வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"மீசை முளைச்சவனுக்குத் தைரியமும் முளைச்சிருக்கணும்ல?"

அவன் குடத்தைப் பிடுங்கித் தன் மெத்தையில் தானே கவிழ்த்துக்கொண்டான். அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளுக்கு ஆள் போட்டி. இடம் மாறி ஊற்றியதில் ஒருத்தி தலையோடு நனைந்தாள்.

விசில் ஊதிக்கொண்டே இறங்கி வந்த பெரியவர் கூடத்து வாசலில் அப்படியே நின்றார். விசில் பாதியில் நின்றது.

"யார் வேலை இது?"

"எல்லாரும் நனைச்சுட்டோம் பெரியப்பா," என்றாள் வக்கீல். "ராத்திரி தண்ணி நிறையக் குடிச்சுட்டோம்."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு தலையும் குனியவில்லை. "சரி. எல்லாரும் தூக்குங்க. தெரு சிரிக்கும்போது தெரியும்."

தூக்கினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, குண்டூசியை நடுவில் விட்டு, ஊர்வலம்போல் போனார்கள். குண்டூசி முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தான். மதில் முழுக்க மெத்தை. எதிர்வீட்டுத் தையல்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

"என்ன சார், உங்க வீட்டுக்குள்ள மட்டும் மழையா?"

பெரியவர் முகம் கடுகடுத்தது. "நாளைக்கும் இதே கூத்துதானா?" என்றார் வக்கீலைப் பார்த்து.

"நாளைக்கும்தான். என்னைக்கு நீங்க நிறுத்துறீங்களோ, அன்னைக்கு நாங்களும் நிறுத்துவோம்."

"அப்படியா? இன்னையிலிருந்து அவன் தனியாப் பின்னறையில படுக்கட்டும். யார் கூடச் சேர்ந்து நனைக்கிறான்னு பார்க்கறேன்."

குண்டூசியின் விரல்கள் வக்கீலின் பாவாடையைப் பிடித்துக்கொண்டன. பின்னறையில் பழைய சாமான்களும் பல்லிகளும்தான் குடியிருந்தன. அவள் அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெரியம்மா வாசலுக்கு வந்தாள். இடுப்பில் காலிக் குடம்.

"உள்ள வாங்க. உங்க மெத்தையும் நனைஞ்சிருக்கு."

"என்னது? நான் எப்போ..."

"எனக்கென்ன தெரியும்? வயசாகுதுல்ல. வெயில் வந்துடுச்சு, தூக்கிட்டு வந்து மதில்ல போடுங்க."

"உனக்குப் பைத்தியமா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. நானும் கேட்டேன், வக்கீலம்மாவும் கேட்டா." குடத்தைத் தரையில் வைத்தாள். "இத்தனை வருஷம் உங்க விசிலுக்கு எழுந்தேன். அவன் நம்ம கடைக்குட்டி பெத்த பிள்ளை. நாளைக்கும் குடத்துல தண்ணி இருக்கும்."

தையல்காரர் கதவைச் சாத்தவில்லை. பெரியவர் உள்ளே போனார். அவருடையது தடித்த இலவம்பஞ்சு மெத்தை, ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டாள் கனம் கனத்தது. நடைவரை இழுத்துவந்து மூச்சு வாங்க நின்றார். யாரும் அசையவில்லை. குண்டூசி மட்டும் ஓடினான்.

"நான் ஒரு முனை பிடிக்கிறேன் மாமா. ஈரமா இருந்தா ரொம்பக் கனக்கும்."

"இருடா," என்று அவன் தோளைப் பிடித்தாள் வக்கீல். "பின்பக்கம் கொடி இருக்குன்னு அவர் முதல்ல சொல்லட்டும்."

பெரியவர் மதிலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். குண்டூசியின் கன்றிய தொடை அவர் கண்ணில் பட்டது. மெத்தையின் முனையைக் கீழே விட்டார்.

"பின்பக்கக் கொடியில போடலாம்," என்றார் மெல்ல.

"அவனோடதுமா?"

"எல்லாரோடதும்தான்."

"என்னைக்கும்? பின்னறையும் கிடையாது?"

"என்னைக்கும். பின்னறையும் கிடையாது. போதுமா வக்கீலம்மா?"

"போதும்," என்று சொல்லிவிட்டு, மெத்தையின் மறுமுனையை வக்கீலும் பிடித்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட கை ஈரம் காயுமுன்னே குண்டூசி வெறுந்தரையில் சுருண்டு தூங்கிப்போனான். நாலு மணி விசிலுக்கு நேரமாயிற்று. பெரியவர் விசிலை வாயருகே கொண்டுபோனார். கூடத்து வாசலில் வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கொல்லைக் கோடிக்குப் போய், கொடியில் காய்ந்த மெத்தைகளுக்குப் பின்னால் நின்று, மெதுவாக ஊதினார்.