மேலக்கோவில்காரி

கின்லாரோவில் ஒரு காலத்தில் ஏழு கிறிஸ்தவக் கோவில்கள் இருந்தன. ஊர் அவ்வளவு பக்தியான ஊர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கோவிலில் சேர்ந்து உட்காரப் பிடிக்காதவர்கள் இன்னொன்றைக் கட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடைத்தெருவின் மேற்கு ஓரத்தில் இருப்பது மேலக்கோவில். போதகரை நியமிப்பது பண்ணையாரா, சபையாரா என்று கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் மூண்ட சண்டையில், பாதிப் பேர் நடு ஆராதனையில் எழுந்து தெருவைக் கடந்து போய், நேர் எதிரே கீழக்கோவிலைக் கட்டினார்கள். வேண்டுமென்றே கோபுரத்தைக் கொஞ்சம் உயர்த்தியும் கட்டினார்கள். பிற்பாடு இரண்டும் ஒரே திருச்சபை என்று எடின்பரோவில் கையெழுத்தாயிற்று. கடைத்தெருவில் அது செல்லுபடியாகவில்லை.

இப்போது மெதடிஸ்டுகளின் கோவிலில் குதிரைப் பந்தயக் கடை நடக்கிறது. பாப்டிஸ்டுகளின் கோவில் அடுக்குவீடுகளாகிவிட்டது, ஞானஸ்நானத் தொட்டி இருந்த இடத்தில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். மேட்டுமேல் இருக்கும் கத்தோலிக்கர் கோவிலை மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் போலந்துக்காரர்கள் நிரப்புகிறார்கள். பழைய வங்கிக் கட்டடம் பள்ளிவாசலாகி நாலைந்து வருஷம் இருக்கும்.

"வெள்ளிக்கிழமை அங்க செருப்பு விட இடமில்ல. ஞாயித்துக்கிழமை நம்ம பெஞ்சுல தூசிதான் உக்காந்திருக்கு" என்பாள் மேலக்கோவில்காரி எஃபி கார்ஸ்வெல். சொல்வது மேலக்கோவிலைப் பற்றி என்றாலும், கண் எதிர்க்கோவில் வாசலில்தான் இருக்கும். அங்கே எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணாமல் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜீரணமாகாது.

இரண்டு கோவிலுக்கும் சேர்த்து ஒரே போதகர், ஷோனா பேர்ட். காலையில் மேலக்கோவிலில் பிரசங்கம் முடித்து, அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே தெருவைக் கடந்து கீழக்கோவிலுக்கு ஓடுவாள். அவளைத் தாமதமாக்குவதற்கென்றே எஃபி கடைசிப் பாட்டில் ஒரு சரணத்தையும் விட்டுவிடாமல் பாடவைப்பாள். அங்கே காத்திருப்பவள் ரீனா வீட்ச். பள்ளிக்கூடத்தில் எஃபியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கீழக்கோவிலின் மூத்த மூப்பர்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் திருச்சபையின் மாவட்டச் சபையிலிருந்து முடிவு வந்தது. ஊருக்கு ஒரு கோவில் போதும். கீழக்கோவிலின் கூரை ஒழுகவில்லை, சக்கர நாற்காலி ஏற சாய்வுப் பாதையும் இருக்கிறது. ஆகவே அதை வைத்துக்கொண்டு மேலக்கோவிலை விற்றுவிடலாம். இரண்டு சபையும் தனித்தனியே கூடி ஓட்டுப் போட வேண்டும். ஒரு சபை மறுத்தாலும் இரண்டு கட்டடத்தையும் பூட்டிவிட்டு, எட்டு மைல் தள்ளி பால்டெரி சபையோடு சேர்த்துவிடுவார்கள்.

"சும்மா பூச்சாண்டி காட்டுறாங்க. ரெண்டையும் பூட்டுறதுக்கு எவனுக்குத் தைரியம் வரும்?" என்றாள் எஃபி.

அவள் புருஷன் டூகல் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். மூக்கில் பிராணவாயுக் குழாய். கல்லுடைத்த தூசி நுரையீரலை என்றைக்கோ தின்றுவிட்டது. வசந்தம் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பூட்டுவாங்க, கிழவி. பணமில்லாதவனுக்கு என்ன தைரியம் வேணும்?" மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஊர்க் கோவில் ஒண்ணுலருந்து என்னைத் தூக்கிட்டு நடந்து போங்க. மணி அடிக்கணும், கடைக்காரன் கதவை இழுத்துச் சாத்திட்டு வெளிய வந்து நிக்கணும். எங்கப்பாவை அப்படித்தான் கொண்டுபோனாங்க."

"மேலக்கோவில்லருந்து கொண்டுபோறேன்."

"எந்தக் கோவிலா இருந்தா என்ன? நான் அன்னைக்கு மேல பாத்துப் படுத்திருப்பேன். ரீனாவோட கூரையைப் பாத்தா கண்ணு அவிஞ்சா போயிரும்?"

அவன் சிரித்தான். எஃபிக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டடம் போவதைக்கூட அவள் எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பாள். கீழக்கோவில் வாசலில் ரீனா நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "வா எஃபி, உள்ள வா" என்பாளே, அந்த "வா"வைத்தான் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"கூட்டத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. நான் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றான் டூகல். மேலக்கோவிலில் அவன் பேச்சுக்கு மரியாதை உண்டு. முப்பது வருஷம் மூப்பராக இருந்து, ஒருவர் மனசையும் நோகடிக்காதவன் அவன் ஒருவன்தான். அவன் எழுந்து "ஒத்துப்போவோம்" என்றால் சபை ஒத்துப்போகும். அது எஃபிக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டத்தன்று காலை அவள் அவனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே, "கூட்டத்தைத் தள்ளி வச்சிட்டாங்க. ரோடெல்லாம் உறைபனி" என்றாள்.

"எப்போ?"

"சொல்லுவாங்க."

அவன் ஜன்னல் வழியே பார்த்தான். ரோட்டில் பனி கொஞ்சம்தான் இருந்தது. பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டான். பால் வாங்கி வருகிறேன் என்று எஃபி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மேலக்கோவிலுக்குள் மூச்சு விட்டால் புகையாகத் தெரிந்தது. கூரை ஒழுகும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி. இருந்தது இருபத்துச் சொச்சம் பேர், எல்லாரும் கோட்டும் குல்லாயுமாக.

"டூகல் வரலையா?" என்று கேட்டாள் போதகர் ஷோனா.

"அவருக்கு முடியல" என்றாள் எஃபி. பிறகு எழுந்து நின்று பேசினாள். நன்றாகவே பேசினாள், அதையும் சொல்ல வேண்டும். வெளியேறிப்போனவர்கள் வீட்டு வாசலில் போய் நாம் நிற்பதா என்று கேட்டாள். நம் அம்மாமார் துடைத்த பெஞ்சை எவனாவது மதுக்கடையில் போடுவதைப் பார்க்கப்போகிறீர்களா என்று கேட்டாள்.

"எஃபி, இதுல மறுத்தா ரெண்டு கோவிலும் போயிரும். புரியுதுல்ல?" என்றாள் ஷோனா.

"பூட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் எஃபி.

மேலக்கோவில் மறுத்தது. ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லாரும் எஃபி பக்கம். எதிரே கீழக்கோவில் ஏகமனதாக ஒத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது. எஃபி கொல்லைப்புறம் கரி அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வருவதற்குள் ரீனா வீட்ச் கையில் சூப்புப் பாத்திரத்தோடு டூகல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ பேசுவன்னு நம்பி இருந்தோம் டூகல். உன் சக்கர நாற்காலிக்குன்னு எங்க கோவில்ல முன்வரிசையில ஒரு பெஞ்சையே கழட்டி வச்சிருந்தோம், ஹீட்டர் பக்கத்துல. ஏன் வராமப் போயிட்ட?"

டூகல் ரீனாவைப் பார்த்தான். பிறகு வாசலில் கரி வாளியோடு நின்ற எஃபியைப் பார்த்தான்.

"கூட்டம் நடந்துச்சா?" என்று கேட்டான்.

ரீனாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். "என்னடி இப்படிப் பண்ணிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

எஃபி வாளியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டையும் பூட்ட மாட்டாங்க டூகல். பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

அவன் திட்டியிருந்தால் எதிர்த்துத் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள். அவனோ சூப்பைக் கொண்டுவரச் சொல்லி, கடைசி ஸ்பூன்வரை குடித்தான்.

பூட்டினார்கள். ஈஸ்டருக்கு முன்பே இரண்டு கதவிலும் சங்கிலி தொங்கியது. கீழக்கோவிலைக் கம்பள வியாபாரி ஒருவன் வாங்கி, கோபுரத்திலேயே விலைப்பலகை மாட்டினான். மேலக்கோவிலை வாங்க ஒருவனும் வரவில்லை, புறாக்கள்தான் குடியேறின. மேலக்கோவில்காரர்கள் எஃபியைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். கூட்டத்தில் கை தூக்கியவர்களும் அவர்களேதான்; அது அவர்களுக்கு மறந்துபோயிற்று.

டூகல் அவளிடம் பேசாமல் இல்லை. டீ கேட்டான், தலையணையை நகர்த்தச் சொன்னான். அதைத் தாண்டி ஒன்றுமில்லை. ரீனா வாராவாரம் வந்தாள். அப்போது மட்டும் உள்ளறையில் பேச்சும் இருமலும், சில சமயம் சிரிப்பும் கேட்கும். எஃபி அடுப்படியில் நின்று, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவுவாள். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இரண்டு தரம் அறைவாசல்வரை போனாள். ஒரு தரம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் விழித்திருந்தான், அவள்தான் "ஜன்னலைச் சாத்தவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

மே மாதம் அவன் போனான். பால்டெரிக்குக் கொண்டுபோக எஃபிக்கு மனசு வரவில்லை. ஊருக்குள் கிடைத்த இடம் பவுலிங் கிளப் கூடம்தான். மதுக்கவுன்டரின் ஷட்டரை இறக்கிவிட்டு அதற்கு முன்னால் பெட்டியை வைத்தார்கள். தரைவிரிப்பில் பழைய பீர் நாற்றம். ஷோனா ஜெபிக்கும்போது பக்கத்து அறையில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஊரில் அவனுக்காக அடிக்க ஒரு மணி கிடையாது. கல்லறைவரை காரில் போனார்கள், வழியில் ஒரு கடைக்காரனும் வெளியே வரவில்லை. என்ன நடக்கிறதென்று அவர்களுக்கு யார் சொல்வது?

குழிக்கருகே இறுதிச் சடங்கு நடத்துபவர் எட்டுக் கயிறுகளையும் பிரித்துப் போட்டார். அந்த ஊரில் பெட்டியை இறக்குவது கூலியாட்கள் அல்ல, சொந்தமும் நட்பும். எந்தக் கயிறு யாருக்கு என்று பெயர் சொல்லி அழைப்பார்கள். தலைமாட்டுக் கயிறு செத்தவருக்கு யார் எல்லாரையும்விட நெருக்கமோ அவருக்கு. அதை வைத்தே வருஷக்கணக்கில் பேசுவார்கள். டூகல் உயிரோடிருக்கும்போதே சடங்கு நடத்துபவரைக் கூப்பிட்டு, எந்தக் கயிறு யாருக்கு என்று சொல்லி வைத்திருந்தானாம். எஃபி கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓர் அடி வந்தாள்.

சடங்கு நடத்துபவர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"முதல் கயிறு, தலைமாடு. திருமதி ரீனா வீட்ச்."

ரீனா திடுக்கிட்டு எஃபியைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற ஏழு பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. டூகலின் தம்பி, தம்பி பிள்ளைகள், கல்குவாரிக் கூட்டாளிகள். எஃபியின் பெயர் வரவேயில்லை.

ரீனா கயிற்று நுனியை எடுத்துக்கொண்டு எஃபியிடம் வந்தாள்.

"எனக்குச் சத்தியமா தெரியாது எஃபி. அவன் கோவத்துல சொல்லியிருக்கான். நீ பிடி. இந்தா, பிடிடி."

பிடித்திருக்கலாம். எஃபியின் உள்ளங்கை அந்தக் கயிற்றுக்காக ஏங்கியது. நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவன், அவனை இறக்கிவைக்க அவள் கை இல்லையென்றால் பின் எதற்கு அந்தக் கை? ஆனால் நீட்டியவள் ரீனா. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வேறு நின்றாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"செத்தவன் சொன்னத மாத்த நீ யாரு?" என்றாள் எஃபி, எல்லாருக்கும் கேட்கும்படியாக. "உனக்குன்னு குடுத்தது. நீயே பிடி."

ரீனா தலைமாட்டுக்குப் போய்க் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். பெட்டி மெதுவாக இறங்கியது. ரீனா தேம்பித் தேம்பி அழுதாள், தம்பி பிள்ளை ஒருவன் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். எஃபி பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக மாட்ட ஆரம்பித்தாள்.