வளர்மதிக்குத் துண்டு போட்ட இடம்

எங்கள் வீட்டில் யாரும் யார் மேலும் படுவதில்லை. தனபால் என் கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றை ஏற்றிக் கொடுத்த நாளிலிருந்து இப்படித்தான்.

தனபால் என் மனைவி வளர்மதியின் தம்பி. மவுசைத் தொட்டால் கை அழுகிப்போகும் என்பதுபோல் பேசுவான். "ஜன்னல் மேல ஜன்னலாக் கெடக்குது மாமா, பாக்கவே கண்றாவியா இருக்குது" என்று சொல்லி, திரையில் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்தான். ஒன்றைத் திறந்தால் திரை முழுக்க அதற்கு. இரண்டாவதைத் திறந்தால் ஆளுக்குப் பாதி. மூன்றாவது வந்தால், எந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அது இரண்டாகும். ஒன்று போனால் பக்கத்தில் இருப்பது நீண்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். காலி இடம் என்ற பேச்சே கிடையாது.

மறுநாள் காலை வீடும் அப்படியே ஆகியிருந்தது. ஹால், சமையலறை எல்லாம் போய்விட்டன. இடது பாதி எனக்கு, வலது பாதி வளர்மதிக்கு. நடுவில் மெல்லிசாக ஒரு நீலக் கோடு. அவள் காபியைக் கோட்டோரம் வைப்பாள். நான் எடுத்துக்கொள்வேன்.

கேஸ்காரர் வந்தபோது நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாதி இரண்டாகி, ஒன்றில் அவரும் சிலிண்டரும் நின்றார்கள். அவர் போனதும் சரியாகிவிட்டது. எங்களுக்கும் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகவில்லை?

பிறகு வளர்மதிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தனபால் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது திரை வைத்துக் கொடுத்திருந்தான்; வீடு முதல் திரையில், ஆஸ்பத்திரி ஏழாம் திரையில். அங்கே அனுப்பிவைத்தேன்.

டாக்டரம்மா போனில் பேசினார்.

"இவங்க நெஞ்சு விரிய அகலம் வேணும். பாதி வீடு இல்லாம நான் திருப்பி அனுப்ப மாட்டேன்."

"பாதி வீடு இருக்குதுங்க."

"இப்ப இருக்கா? பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். அவள் கிளம்பிய அந்த நொடியே நான் வீடு முழுக்க நீண்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நான் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் அகலமாக இருக்கிறேன்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேமாதிரி அவள் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தைத் திறந்தேன். முழுக்கக் கறுப்பு. மேல்மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் மறுபடி பாதியானேன்.

"இது போதும்," என்றார் டாக்டரம்மா. "காத்திருங்க."

காத்திருந்தேன். தனியாக இருக்க முடியாமல் கறுப்புக் கட்டத்திடம் பேசினேன். "சாப்பிட்டியா?" என்பேன். அது கண் சிமிட்டும். கோட்டோரம் ஒரு காபியும் வைப்பேன். சும்மா சொல்லக் கூடாது, ஆறுதலாகத்தான் இருந்தது. ஒருநாள் டம்ளர் காலியாக இருந்தது. நானே குடித்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன்.

வளர்மதி வந்துவிட்டாள். அவள் வந்தபோது நான் கறுப்புக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பார்ப்பேன்? அது இரண்டாகி, எனக்கும் அதற்கும் நடுவில் அவளுக்கு ஒரு சந்து கிடைத்தது. கால் வீடு. அவள் தோள் இரண்டு பக்கமும் இடித்தது. மூச்சு விசிலடித்தது.

"யாருங்க இது?"

"யாருமில்ல வளரு. உனக்காகத் துண்டு போட்டு வெச்சேன்."

"அதான் நான் வந்துட்டேனே. எடுங்க."

"எந்திரிக்க மாட்டேங்குது."

பஸ்ஸில் ஆள் வந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம். இந்தத் துண்டு இருந்து பழகிவிட்டது. அதட்டினேன், கெஞ்சினேன். அசையவில்லை. வளர்மதியின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. தனபாலுக்குப் போன் போட்டேன்.

"டேய், உடனே வாடா. உங்கக்காளுக்கு மூச்சு முட்டுது."

"நான் வந்தா எனக்கும் இடம் போயிரும் மாமா. அக்காளுக்கு இன்னும் கொறையும்."

"மூடறதுக்குப் பெருக்கல் குறி இருக்குமேடா? ஒரு மூலையிலயும் காணோம்."

"அதெல்லாம் கெடையாது மாமா. இதோட அழகே அதான்."

"உன் அழகைத் தூக்கி உடைப்புல போடு! எப்படி மூடறது?"

"விண்டோஸ் பட்டனையும் க்யூவையும் சேர்த்து அமுக்குங்க. யாரைப் பாத்துட்டு அமுக்கறீங்களோ அவங்க மூடிக்குவாங்க."

"தெரியாம மூடிட்டா மறுபடி தெறந்துக்கலாமா?"

"புதுசாத் தெறக்கலாம். அதே வராது."

கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன். கறுப்பை முறைத்துப் பார்த்தேன். விரலை வைத்தேன். வளர்மதி இருமினாள். என் கண் அவளிடம் போய்விட்டது. நெருப்பைத் தொட்டவன்போல் கையை எடுத்தேன். மறுபடி முயன்றேன். மறுபடியும் கண் அவளிடமே போனது. எத்தனை நாள் அவளைக் காணாத கண். சொன்ன பேச்சைக் கேட்குமா?

"என்னால முடியாது," என்று கீபோர்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். "நான் அமுக்குனா உன்னையத்தான் மூடுவேன். நீயே அமுக்கு."

"அதைப் பாத்துட்டே அமுக்கோணும். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான். வேற எதையும் பாக்காதே."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

சந்துக்குள் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கறுப்பையே பார்த்தாள். தடவித் தடவி ஒரு பட்டனில் கட்டைவிரலை வைத்தாள். இன்னொன்றில் ஆள்காட்டி விரலை வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இதானுங்களே?"

ஒரு மனுஷனிடம் கேட்பதை முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கேட்பது? அவள் மேல் தப்பில்லை.

அங்கே பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நெஞ்சு பாதியில் நின்று திணறியது. அப்போதுதான் கணக்கு ஓடியது. நான் போனால் அந்தப் பக்கம் வீடு முழுக்க நீளும். கறுப்புக்குப் பாதி போனாலும் அவளுக்குப் பாதி கிடைக்கும். டாக்டரம்மா கேட்ட பாதி.

"எளச்சுட்டீங்க," என்றாள், என்னைப் பார்த்தபடியே.

"அதேதான் வளரு. அமுக்கு," என்றேன்.

அமுக்கினாள்.

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "சரியாப் போச்சுங்களா?" என்று கறுப்புக் கட்டத்திடம் கேட்டாள்.