எழுபத்தொரு முறை திரும்பிப் பார்த்தவன்

மாட்சிமை பொருந்திய பணியாளர் நலக் குழு, ஐவர் கூடி, இரண்டு சுற்று டீ அருந்தி, ஆழ்ந்து ஆராய்ந்து, ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் யாதெனில்: எனக்கு மூளை சரியில்லை.

தர்மாமீட்டர் தொழிற்சாலையில் நான் பரிசோதகன். இருபத்தோரு வருடமாக, வெந்நீர்த் தொட்டியில் கட்டுக்கட்டாக முக்கியெடுத்து, பொய் சொல்வது எது என்று பார்த்துத் தூக்கியெறிவதுதான் வேலை. ஊர்க் காய்ச்சலெல்லாம் என் கண்ணை நம்பித்தான் ஏறி இறங்குகிறது. அந்தக் கண்ணைத்தான் இனி நம்ப முடியாதாம்.

செய்த குற்றம் இவ்வளவுதான். ஒரே வாரத்தில் ஒரு வழுக்கைத்தலையரை பஸ் நிறுத்தம், செருப்புக்கடை, பல் மருத்துவர் வாசல் என்று மூன்று இடத்தில் பார்த்தேன். "அந்தாளு என் பின்னாடியே வர்றான்யா" என்று கேன்டீனில் வாயை விட்டேன். சாயங்காலத்துக்குள் மேலாளர் காதுக்குப் போய்விட்டது. வழுக்கைத்தலையருக்கும் பல்வலி, தற்செயல்தான் என்று பல் மருத்துவரே பிறகு சொன்னார். அதற்குள் ஆறு வாரக் கட்டாய விடுப்பு, காலையும் மாலையும் மாத்திரை. முடிவில் குழு திருப்தியடைந்தால் வேலை. இல்லையென்றால் வீட்டோடு இரு.

வீட்டில் மனைவியின் தம்பிக்குக் கொண்டாட்டம். "என்ன அத்தான், இன்னிக்கு எத்தனை பேர் பின்னாடி வந்தாங்க? ஊர்வலமா, ஒத்தையாவா?"

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வாரத்தை ஓட்டினேன். இரண்டாம் வாரம் குடைக்காரன் வந்தான். சுட்டெரிக்கும் வெயிலில் மடக்கிய கறுப்புக் குடையோடு காய்கறிக் கடையில் நின்றான். மறுநாள் பூங்காவில். அதற்கு மறுநாள் நூலகத்தில். தற்செயல், தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாத்திரை எழுதித் தந்த மனநல டாக்டரிடம் சொன்னபோது அவர் உற்சாகமாகிவிட்டார்.

"போன தடவை வழுக்கை, இப்ப குடையா? வளருது சார்." மாத்திரை இரண்டு நான்காயிற்று.

கடைக் கண்ணாடிகளில் பின்பக்கம் பார்க்கப் பழகினேன். பார்த்தது நிஜமா, மாத்திரை காட்டும் படமா என்று தெரியவில்லை. ஒருநாள் தெருவில் மனைவியிடம் கெஞ்சினேன். "பின்னாடி குடையோட யாராவது இருக்கானா, பாரேன்."

"யாருமில்லங்க" என்றாள். திரும்பாமலேயே சொன்னாள்.

அதோடு பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. நான்காம் வாரம் நூலக மாடிப்படி வளைவில் ஒளிந்து நின்று, ஏறி வந்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"யாருய்யா நீ?"

"சட்டையை விடுங்க சார், கிழிஞ்சிரும்! உங்க கம்பெனிதான் என்னை அனுப்புச்சு."

"குடை எதுக்கு?"

"அதுவும் அவங்க குடுத்ததுதான் சார்."

அவன் பையில் ஒரு நோட்டு. '10.40: திரும்பிப் பார்த்தார். 10.52: திரும்பிப் பார்த்தார். 11.05: மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார்.' அந்தக் கோணல் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்கு மூளை சரியாகத்தான் இருக்கிறது! நோட்டைப் பிடுங்கிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குள் புகுந்தேன்.

அவர் அசரவில்லை. "நிறைய பேர் பொய் வியாதி சொல்லி லீவுல போறாங்க. உங்களுது அசலான்னு பார்க்க ஆள் போட்டோம். நிர்வாகம்னா தொலைநோக்கு வேணும் பாருங்க."

"அப்ப நிஜமாவே என் பின்னாடி ஆள் வந்திருக்கான்!"

"வந்தான்."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லைல்ல?"

நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கக் கூட்டலைப் பார்த்துவிட்டு, குழந்தையைப் பார்ப்பதுபோல் சிரித்தார். "லீவு குடுத்தப்ப யாரும் வரலையே? வியாதி அது. மூணு வாரத்துல எழுபத்தொரு தடவை திரும்பிப் பார்த்திருக்கீங்க. சுத்தமான அசல். நான்கூட நடிக்கிறீங்களோன்னு நெனச்சேன், மன்னிச்சிருங்க."

"யோவ்! பின்னாடி ஆளை விட்டுட்டு, திரும்பிப் பார்த்தா பைத்தியமா?"

"எல்லா நோயாளியும் இதையேதான் சொல்றாங்க."

மேசையை ஓங்கிக் குத்தினேன். டீ கொட்டியது. அவர் பொறுமையாகத் துடைத்துவிட்டு, என் ஃபைலை எடுத்து, 'ஆவேசம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

விடுப்பு இன்னும் ஆறு வாரம் நீட்டிக்கப்பட்டது.