அன்னம் இருந்த ஃபிளாப்பி

எங்கள் எம்பிராய்டரி மெஷினுக்கு இங்கிலீஷில்தான் கோபம் வரும். என் வீட்டுக்காரர் சம்பத்துக்கு அந்தக் கோபம் அத்தனையும் அத்துப்படி. ‘நாட் ரெடி’ என்றால் ஃபிளாப்பியைச் சரியாகத் தள்ளவில்லை. ‘ரீட் எரர்’ என்றால் உள்ளே அழுக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஆந்திர எல்லை ஊரான நகரியில் இதே கடையில் அவரோடு குப்பை கொட்டுகிறேன், என் முகத்தை ஒருநாளாவது இப்படிப் படித்திருப்பாரா? கேட்டால் சிரிப்பார்.

புது மெஷினுக்கெல்லாம் பென் டிரைவ் போதும். எங்களுடையது கிழம். டிசைன்கள் எல்லாம் இன்னும் ஃபிளாப்பியில்தான் கிடக்கின்றன.

நாளை மறுநாள் மகள் பவ்யாவுக்குத் திருப்பதியில் கல்யாணம். போனில் ஆயிரம் டிசைன் பார்த்துவிட்டு, என் கல்யாண ஜாக்கெட்டில் இருந்த ஜோடி அன்னம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சம்பத் எனக்காகப் போட்ட டிசைன் அது. அந்த ஜாக்கெட்டை எலி கடித்து எப்போதோ போயிற்று. அன்னம் இருப்பது ஒரே ஒரு ஃபிளாப்பியில்.

அதைப் போட்டால், ‘டிஸ்க் நாட் ஃபார்மேட்டட். ஃபார்மேட்?’ என்று மெஷின் கேட்டது. கீழே ‘எஸ்’, ‘நோ’ என்று இரண்டு கட்டம்.

“இது எப்பவும் இப்படிக் கேக்காதே,” என்று சம்பத் குனிந்தார். நானும் குனிந்தேன். ஃபிளாப்பி போடுகிற வாயெல்லாம் சிவப்பு.

“ஆயுத பூஜைக்கு இதுக்குள்ளயும் குங்குமம் வச்சியாய்யா?”

“அதுவும் ஆயுதந்தானே வள்ளி.”

“நெத்தியில வைக்கிறத வாயில கொட்டி வச்சிகீறியே!”

ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்க எதிர் மெடிக்கலுக்குக் கிளம்பினார். “நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் பவ்யா போன் செய்தாள். டெய்லர் கடையில் துணிக்காகக் காத்திருக்கிறாள். ஸ்ரீசிட்டியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவசரம் என்றால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். “அம்மா, அயிப்போயிந்தா?”

“ஆயிக்கினே கீது” என்று புளுகினேன். மெஷினோ கேட்ட கேள்வியையே கேட்டுக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. சரி என்று சொன்னால் மேலே நகருமே என்று ‘எஸ்’ஸை அமுக்கினேன்.

ஸ்பிரிட்டோடு திரும்பி வந்த சம்பத் வாசலிலேயே நின்றுவிட்டார். “இன்னா அமுக்கின?”

“எஸ்ஸு.”

“ஃபார்மேட்டுன்னா மொத்தமும் அழிஞ்சிடும்டி!”

பெண் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அதை என் விரலாலேயே அழித்துவிட்டேன். நூல்கட்டைப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திரையைப் பார்த்த சம்பத் சிரிக்க ஆரம்பித்தார்.

“வேற ஒரு எரர் வந்துகீது. படிக்கட்டா?”

“எனக்கு ஒண்ணும் வேணாம்.”

“‘ரைட் புரொடெக்டட்.’ இதுல எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாதாம்.”

குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே துடைத்தார். பஞ்சு சிவந்து சிவந்து வந்தது. மறுபடி போட்டதும் மெஷின் கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு கழுத்தோடு கழுத்து வைத்த இரண்டு அன்னம் திரையில் வந்து நின்றன.

உயிர் வந்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. மற்ற ஃபிளாப்பிகளை எடுத்துப் பார்த்தேன். அழிக்கவிடாமல் தடுக்கிற அந்த மூலைப் பூட்டு எதற்கும் போடவில்லை. பழைய டிசைனை அழித்துப் புதியதைப் போடுவதுதான் எங்கள் வழக்கம், பூட்டினால் தொழில் நடக்காது.

“அன்னத்துக்கு மட்டும் யாருய்யா பூட்டு போட்டது?”

ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார். “நீ அந்த ஜாக்கெட்ட மொத மொத போட்டுக்கினு வந்து நின்ன பாரு, அன்னிக்கு நாந்தான். அதும்மேல வேற எதுவும் வரக்கூடாதுன்னு.”

மெஷின் ஓடத் தொடங்கியது. நூல்கட்டை தேடுகிற சாக்கில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கண்ணத் தொடச்சிக்க வள்ளி,” என்றார், ஊசியிலிருந்து பார்வையை எடுக்காமலே.