துடிக்காத மணிக்கட்டு

சிரிலுக்கு பெங்களூரின் அல்சூர் ஏரியில் படகில் மிதப்பதுபோலவே இருந்தது. துடுப்பு இல்லை, கரை இல்லை. அடியில் ஏதோ ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. கண் திறந்தால் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரை. முனகல் மட்டும் நிற்கவில்லை. அது அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

ஓய்ந்துபோன இதயத்தோடு ஒரு சின்ன பம்ப்பைப் பொருத்தியிருந்தார்கள். இன்னும் பரிசோதனையில் இருந்த கருவி. அந்த ஆஸ்பத்திரியில் அதை முதலில் பெற்றவர் சிரில்தான். அது துடிக்காது. ரத்தத்தை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பிரேசர் டவுன் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியின் நடைக்கேற்பச் சொல்வது அவர் வழக்கம். இப்போது விரல் வைத்தால் அங்கே ஒன்றுமில்லை. செத்தவன் கை. செத்தவன் எப்படி ஜெபிப்பது? ஜெபத்தை விட்டார், கஞ்சியை விட்டார், எழுந்து நடக்கவும் மறுத்தார்.

"இப்படியே படுத்திருந்தா நெஞ்சுல சளி கட்டிடும் சார். அப்புறம் பம்ப் ஓடியும் பிரயோஜனமில்ல" என்றாள் டாக்டர் தாரணி. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஜோகுபாளையத்துச் சந்தானம். அடுத்த பம்ப் அவருக்குத்தான். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

"என்ன சிரில் சார், நாடி தொலைஞ்சுபோச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்க. உங்களுக்கு இருக்கு."

"அப்ப இந்தாங்க." சந்தானம் கையை நீட்டினார். "இதைப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுங்க."

"நீங்க திருநீறு பூசறவராச்சே."

"முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டான். பிடிங்க."

சிரில் பிடித்தார். உதடு மெல்ல அசைந்தது. ஆனால் அந்த நாடி ஓடியது, நின்றது, பதறி மறுபடி ஓடியது. ஜெபத்தால் அதைப் பின்தொடர முடியவில்லை. திரும்பிப் பார்த்தார். சந்தானத்தின் சிரித்த முகத்தில் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"பயமா இருக்கா?"

சந்தானம் கையை உருவிக்கொண்டார். "நீங்க எந்திரிச்சா நானும் சரின்னு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க எங்க எந்திரிக்கிறீங்க?"

கடவுள் சில வேளை நம்மை எழுப்ப, நம்மைவிடப் பலவீனமான ஒருவரைத்தான் அனுப்புகிறார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் கை குடுங்க" என்றார் சிரில், வாசலில் நின்ற தாரணியிடம்.

பம்ப்பின் பேட்டரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். தரை அலைபோல் அசைந்து அடங்கியது. சந்தானத்தின் கட்டிலைப் பிடித்துச் சுற்றிவந்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, சட்டையை விலக்கினார்.

"காதை வைங்க."

சந்தானம் வைத்தார். "தண்ணி ஏத்துற மோட்டார் மாதிரி இருக்கு. இதுல தூக்கம் வருதா?"

"கஞ்சி குடிச்சா வரும்னு நினைக்கிறேன்."

தாரணி இரண்டு டம்ளர் கஞ்சி கொண்டுவரச் சொன்னாள். முதல் வாய் குடித்துவிட்டுச் சந்தானம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரம்மா, எனக்கு எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க."