வாசல்வரை வந்த வெளிச்சம்

கண்ணாயிரத்தின் கண்ணாடிக் கடையில் ஏறியவர்கள் வெறுங்கையோடு இறங்கியதில்லை. பார்வையில் குறையே இல்லாவிட்டாலும் வெயிலுக்கென்று ஒன்றை மாட்டித்தான் அனுப்புவார். அவரிடமே அடித்துப் பேசிப் பாதி விலைக்கு வாங்கும் ஒரே ஆள், மார்க்கெட்டில் கல்வராயன் மலைப் புளி விற்கும் கமலா.

இன்று அவள் புருஷன் அம்மாசியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துப் பிழைத்தவர்களில் அவனும் ஒருவன். உயிர் திரும்பியது, பார்வை திரும்பவில்லை.

"அண்ணே, இவருக்கு நல்ல பவரா ஒண்ணு போடுங்க. வெல ஜாஸ்தி சொன்னீங்க, எதிர்க்கடைக்குப் போய்க்கினே இருப்பேன்!"

கண்ணாயிரம் டார்ச்சை அடித்துப் பார்த்தார். கருமணி சுருங்கவில்லை, விரிந்தது விரிந்தபடியே நின்றது.

"எவன் கண்ணோ பட்டுடுச்சுண்ணே," என்றான் அம்மாசி. "எங்கண்ணுலேர்ந்து வெளிச்சம் வெளிய போறதே நின்னுபோச்சு."

லென்ஸ் கம்பெனி வகுப்பில் கேட்ட கதைகளைச் சொல்லியே வியாபாரத்தை முடிப்பது கண்ணாயிரத்தின் தந்திரம். பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"கண்ணுலேர்ந்து எதுவும் வெளிய போவாதுப்பா. அந்தக் காலத்து கிரேக்க மேதைங்களே உன்ன மாதிரிதான் நெனச்சாங்க, கண்ணு கதிர நீட்டித் தொட்டுப் பாக்குதுன்னு. ஆயிரம் வருஷம் முந்தி அரபு தேசத்து ஆளு ஒருத்தரு கேட்டாரு, அப்போ சூரியனப் பாத்தா கண்ணு ஏன் நோவுதுன்னு. வெளிச்சம்தான் உள்ள வருதுன்னாரு. அப்புறம் ஒரு வெள்ளைக்காரன் செத்த மாட்டுக் கண்ணோட பின்தோல சுரண்டிட்டு ஜன்னல்ல வெச்சுப் பாத்தான். வெளிய இருந்ததெல்லாம் அதுல தலைகீழாத் தெரிஞ்சுதாம்."

"செத்த மாட்டையும் விட்டுவெக்கலையா அந்தாளு!" என்றாள் கமலா.

அம்மாசி சிரிக்கவில்லை. "என் கண்ணுக்குள்ளயும் வெளிச்சம் வருதா?"

"வருது."

"படம் விழுதா?"

"விழுது."

"அப்புறம் இன்னா கொற?"

சொந்தப் பேச்சே கண்ணாயிரத்தை மூலையில் நிறுத்திவிட்டது. மெதுவாகச் சொன்னார். "படத்த மூளைக்குக் கொண்டுபோற நரம்ப அந்தச் சாராயம் தின்னுடுச்சுப்பா. கண்ணாடி வெளிச்சத்தத்தான் வளைக்கும். நரம்ப முளைக்க வெக்காது."

கமலாவின் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரிலயும் இதத்தான் சொன்னாங்க. வெல ஏத்தறதுக்கு 'சரக்கு இல்ல'ன்னு நாம பிகு பண்ணுவோமே, அந்த மாதிரின்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் பேசினா எறங்கி வந்துடுவாங்கன்னு..."

"அப்போ இவ மூஞ்சி வாசல்வரைக்கும் வந்து நிக்குது," என்றான் அம்மாசி. "உள்ள கூப்பிடத்தான் ஆளில்ல."

அம்மாசி கையை நீட்டி மேஜை விளிம்பைத் தடவிப் பிடித்தான்.

"கருப்புக் கண்ணாடி ஒண்ணு குடுங்கண்ணே. நீங்க கண்ணுலேர்ந்து ஒண்ணும் போவாதுன்றீங்க. ஆனா தெருவுல நடந்தா எல்லார் கண்ணும் மேல வந்து வுழுது. நல்லாத் தெரியுது."

கண்ணாயிரம் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து, தானே மாட்டிவிட்டார்.

பிறகு விலையை வேண்டுமென்றே இரண்டு மடங்காகச் சொன்னார். கமலா கொதிக்கட்டும், திட்டட்டும், அடித்துப் பேசட்டும். கடைசியில் அடிமாட்டு விலைக்கு இறங்கிவந்து, ஜெயித்தோம் என்ற திருப்தியோடாவது அவளை அனுப்பலாம்.

கமலா சுருக்குப்பையை அவிழ்த்தாள். கேட்டதை அப்படியே மேஜைமேல் வைத்தாள். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"கமலா, கொறைச்சுக் கேளும்மா..." என்றார் கண்ணாயிரம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.