முனியாண்டியின் போத்தல்

என் உயிர் ஒரு சிவப்பு மூடி போத்தலுக்குள் இருக்கிறது என்று என் கணவர் உடையப்பன் பத்து வருஷமாக நம்புகிறார். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைப்போமே, அதே போத்தல்தான். முறுக்குக்குப் பதிலாக உள்ளே பைப் புகையிலை.

ஈப்போவில் ஒரு கிளப்பில் முப்பது வருஷம் பாரில் நின்றவர் இவர். பைப் பிடிக்கும் கிழட்டு மெம்பர்களிடமிருந்து இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு பைப், அதுவும் வாசலில் நின்றுதான். அதற்கு வீட்டில் இதே மாதிரி சிவப்பு மூடி போட்ட நாற்பது போத்தல். ஒவ்வொன்றிலும் லேபிள்: பெயர், அடைத்த மாதம், வருஷம். புகையிலை பழசாகப் பழசாக ருசி கூடுமாம். என்னைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் அன்றைக்கு இவர் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம், தான் பிறந்த தோட்டத்துக்கு ஓடினார். ரப்பர் பால்மரமெல்லாம் போய் அங்கே செம்பனை வந்துவிட்டது. முனியாண்டி மட்டும் அதே இடத்தில் அரிவாளோடு நிற்கிறார். "இவளக் காப்பாத்து, பத்து வருஷம் ஊறுன புகையில உனக்கு" என்று வேண்டிக்கொண்டார். ஊரே சுருட்டு வைக்கிற சாமிக்கு இவர் மட்டும் பைப் புகையிலை. பெண்டாட்டி ஆபரேஷன் மேசையில் கிடக்கும்போதும் மனுஷனுக்குத் தரம் முக்கியம். வீட்டுக்கு வந்து ஒரு போத்தலை அடைத்து, 'சாமி' என்று எழுதி ஒட்டினார்.

அந்தப் பத்து வருஷம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை நான் நாற்பது போத்தலையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கடை ஸ்டிக்கர் ஈப்போ புழுக்கத்தில் நிற்காது என்று இவர் மைதாப் பசையில் லேபிள் ஒட்டுகிறவர். அந்தப் பசையைக் கரப்பான் சுரண்டிச் சுரண்டித் தின்று, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மூடி திறக்காமல் கழுவி, துடைத்து, ஒரு லேபிள்கூட மிச்சமில்லாமல் பளபளவென்று அடுக்கி வைத்தேன். வந்து பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சாமி போத்தல் எதுடி துளசி?"

"மோந்து பாத்துக் கண்டுபிடிங்க."

"சாமிக்கு வெக்கிறத மோந்தா எச்சில்லா! பூ கட்டுறவ மோந்து பாத்துட்டா மால கட்டுறா?"

கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே சருகு நிறம். எந்த மூடியைத் திறந்தாலும் அது சாமியுடையதாக இருந்துவிடலாம். சாமி கோபித்துக்கொண்டால் யாரைத் தூக்கும்? என்னைத்தான். இவர் பார்த்த பார்வையிலேயே நான் பாதி செத்திருந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. கழுவிய கை என்னுடையது என்பதால் இன்னும் எரிச்சல்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மத்தியாஸைக் கூட்டிவந்தார். சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர் மத்தியாஸ்.

"நீ வேதக்காரன். நீ மோந்தா எங்க சாமி கணக்குல வராது," என்றார் இவர். "பத்து வருஷம் ஊறுனா காஞ்ச திராட்ச வாசம் அடிக்கும். அதான்."

"ஏசு கோவிச்சுக்க மாட்டாராண்ணே?"

"அவருக்கு நான் ஒண்ணும் வேண்டிக்கலையே."

மத்தியாஸ் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு எடுத்தார். பதினேழாவதில் பெரிதாகத் தலையாட்டினார். இவர் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் போய் மூடியைத் திறந்தேன். குப்பென்று வெண்ணிலா. கேக் கடை வாசம்.

"மத்தியாஸ், இதுவா திராட்ச?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோவிட் வந்து போனதுலேருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியாதுக்கா. அண்ணே அவ்ளோ நம்பி வந்து நிக்கிறாரு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

நான் மட்டும் எந்தத் தைரியத்தில் முகர்ந்தேன் என்று கேட்பீர்கள். சாமி போத்தலின் வாசம் எனக்கு மனப்பாடம். வருஷா வருஷம் ஆபரேஷன் நாளில், இவர் இல்லாத நேரமாகப் பார்த்து, அதைத் திறந்து முகர்வேன். என் உயிருக்குப் பிணையாக வைத்த பொருள், கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டாமா? முதல் வருஷம் வைக்கோல் வாசம். அப்புறம் வெல்லம். இப்போது திராட்சை.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. முனியாண்டிக்குக் கேக் வாசம் போய்ச் சேரும், அவ்வளவுதான். சாமியை வாய்க்கு வந்தபடி பேசுகிறவள்தான் நான். ஆனாலும் அந்தக் கேக் போத்தலை மூடி ஓரமாக நகர்த்தி வைத்தேன். சாகப் பயம். இவரைத் தனியாக விட்டுப்போகவும் பயம்.

மிச்சப் போத்தல்களைத் திறந்து பார்த்தேன். எட்டாவதில் திராட்சை. குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர் கையில் அதைக் கொடுத்தேன்.

"இதான் உங்க சாமி போத்தல்."

"உனக்கெப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வருஷமாவா எச்சிப் பண்ணுன?"

"மொத வருஷமே மோந்துட்டேன். கோவிக்கிற சாமியா இருந்தா அப்பவே கூப்பிட்டிருக்கும்லா. இந்தா, முன்னாலதான நிக்கிறேன்?"

போத்தலை மடியில் வைத்து மூடியைத் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "வாசம் எப்படி இருந்துச்சு?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியாஸ் காரில்தான் தோட்டத்துக்குப் போனோம். சாம்பிராணித் தணலில் அந்தப் புகையிலை முழுவதையும் இவர் கொட்டினார். புகை செம்பனை மரங்களுக்குள் போனது. முனியாண்டி ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல வாசம்" என்று மத்தியாஸ்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை இவர் அடுத்த பத்து வருஷத்துக்கென்று ஒரு புதுப் போத்தலை நிரப்பி அடைத்தார். இந்த முறை லேபிளும் இல்லை, மைதாப் பசையும் இல்லை. நான் எத்தனை தடவை கழுவினாலும் போகாத மார்க்கரில், போத்தல் மேலேயே 'சாமி, 2035' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்: 'துளசி வருஷா வருஷம் மோந்து பாக்கணும்.'